பொம்பெயியில் அரை நாள்: எங்கே நிற்பது, எதை விடுவது

எரிமலைச் சாம்பலில் புதைந்து பின்னர் தோண்டி எடுக்கப்பட்ட, இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான பொம்பெயிக்கு முதல் தடவை போனபோது தப்பான ஸ்டேஷனில் இறங்கினேன். பலகையில் ஊர்ப் பெயர் சரியாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் பெரிய மாதா கோயில், அதைச் சுற்றிக் கடைத்தெரு, காபிக் கடைகள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல் ஒன்றைக்கூடக் காணோம். வெயிலில் நடந்து இடிபாடுகளின் வாசலைத் தொடுவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது. இரண்டாம் தடவை ஒரு குழுச் சுற்றுலாவில் சேர்ந்தேன். வழியில் பவழ நகைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்; நகரத்துக்குள் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். மூன்றாம் தடவைதான் ஒழுங்காகப் பார்த்தேன். இந்த வழிகாட்டி அந்த மூன்றாம் தடவையை வைத்து எழுதியது.

அரை நாளில் பார்த்துவிட முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மதிலுக்குள் இருக்கும் நகரம் சுமார் 66 ஹெக்டேர், அதாவது 160 ஏக்கருக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தோண்டியிருக்கிறார்கள். முழுவதையும் பார்ப்பதற்கு இரண்டு நாள்கூடப் போதாது. ஆனால் எதை விடுவது என்று வாசலிலேயே முடிவு செய்துகொண்டால் மூன்றரை மணி நேரம் தாராளம். என் கணக்கு எளிமையானது. கோயிலும் தூணும் வளைவும் ரோம் நகரிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன. தெரு, அடுப்பு, கடைப்பலகை, அளவுப்படி ஆகியவற்றைப் பார்க்கத்தான் இங்கே வரவேண்டும். ஆகவே கீழே சொல்லும் பாதை தெருவைப் பிடித்துப் போகும்; பெரிய மாளிகைகளில் அதிகம் நிற்காது.

கிளம்புவதற்கு முன்

டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. டிக்கெட்டில் பெயர் அச்சாகி வரும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுப்பது நல்லது. இனிஷியலை முன்னால் போடுவதா, அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற நம் வழக்கமான குழப்பத்தை இந்த இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். அதனாலேயே அந்த நாளைத் தவிர்க்கவும். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய மூன்று நாட்களும் விடுமுறை. ஏப்ரல், மே, அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த நகரத்தில் பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை இல்லை. மதுரையில் சித்திரை வெயில் பார்த்தவர்களும் இங்கே நண்பகலில் சுருண்டுவிடுவார்கள், ஏனென்றால் ஒதுங்க நிழல் கிடையாது.

30 சென்டிமீட்டர் நீள அகலத்துக்கும் 15 சென்டிமீட்டர் தடிமனுக்கும் மேற்பட்ட பையை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். செருப்பு வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். தெருக்கற்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடுவில் வழுக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால், ஆம்பிதியேட்டர் வாசலில் தொடங்கும் சமதளப் பாதை ஒன்று இருக்கிறது. சக்கர நாற்காலிக்காகவே அமைத்தது, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அவர்களுக்கு நான் கீழே சொல்லும் பாதை சரிப்படாது.

காலி பாட்டிலோடு போனால் போதும். உள்ளே தெருமுனைகளில் குடிநீர் வருகிறது, அதுவும் பழைய ரோமானியத் தொட்டிகள் சிலவற்றிலேயே.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

வழிகாட்டி இல்லாமல் பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு எல்லாச் சுவரும் ஒரே சுவராகத் தெரிய ஆரம்பிக்கும். இந்த ஊரில் பேசுவது கல்லில் இருக்கும் சின்னத் தேய்மானங்கள். அவற்றைக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

இத்தாலியில் வழிகாட்டிகளுக்கு உரிமம் உண்டு. அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் மேசை போட்டு, ‘தகவல் மையம்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அரசு ஆட்கள் அல்லர். பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பது என் வழக்கம். குழுவில் எத்தனை பேர்? நகரத்துக்குள் எவ்வளவு நேரம், அதாவது ரயிலும் கடையும் சாப்பாடும் நீங்கலாக? வெத்தி சகோதரர்களின் வீட்டுக்குப் போவீர்களா? மூன்றாவது கேள்வி ஒரு சோதனைதான்; அந்த மாளிகை வாசலில் வரிசை நீளும். வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறவர் தினமும் உள்ளே போகிறவர். எல்லாம் பார்க்கலாம் என்கிறவரை விட்டுவிடுங்கள்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பமாக இருந்தால் தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது தலைக்கு அப்படியொன்றும் கூடுதலாகாது. நீங்கள் நிற்கும் இடத்தில் அவர் நிற்பார், அதுதான் லாபம். இரண்டு மணி நேரச் சுற்றை விட மூன்று மணி நேரச் சுற்று பல மடங்கு மேல்.

போய்ச் சேர்வது

ரோமிலிருந்து நேபிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணிக்குச் சற்றே கூடுதல் நேரம். நேபிள்ஸ் மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்தில் கரிபால்டி நிலையம். அங்கே ‘சர்க்கும்வெசுவியானா’ என்ற புறநகர் ரயில். சொரெந்தோ போகும் வண்டியில்தான் ஏற வேண்டும். போஜ்ஜொமரீனோ போகும் வண்டியில் ஏறினால் என்னைப் போல மாதா கோயிலில் இறங்குவீர்கள். உங்கள் ஸ்டேஷனின் முழுப் பெயர் ‘பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி’. ‘ஸ்காவி’ என்றால் அகழாய்வு. அந்தச் சொல்லைப் பார்த்தபின் இறங்குங்கள். முப்பத்தைந்து, நாற்பது நிமிடப் பயணம். வண்டி பழையது, கூட்டம் அதிகம். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

வாயில் திறப்பது காலை 9 மணிக்கு. எட்டரைக்கு ஸ்டேஷனில் இருந்தால் ஒரு காபி குடித்துவிட்டு வரிசையில் முதல் ஐம்பது பேருக்குள் நிற்கலாம்.

9:00 – கடல் வாயில்

போர்த்தா மரீனா என்ற இந்த வாயிலுக்குச் செங்குத்தான சரிவில் ஏறவேண்டும். இரண்டு வளைவுகள். ஒன்று மனிதர் நடக்க, மற்றது வண்டிக்கும் மிருகத்துக்கும். ஏறும்போதே ஒரு தவறான எண்ணத்தை இறக்கி வைத்துவிடலாம். இந்த நகரம் எரிமலைக் குழம்பில் மூழ்கவில்லை. நம் பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். குழம்பு ஓடியிருந்தால் சுவரோவியமும் ரொட்டியும் மிஞ்சியிருக்காது. கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்ததும் பல மணி நேரம் வானத்திலிருந்து நுரைக்கல் மழை பெய்தது. குதிகால் தேய்க்க வைத்திருப்போமே, அதே கல். எடை தாங்காமல் கூரைகள் விழுந்தன. மறுநாள் காலை கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலையிலிருந்து புரண்டு வந்தன. ஊரில் மிச்சமிருந்தவர்கள் அதில் இறந்தார்கள்.

வெடித்த தேதி ஆகஸ்ட் 24 என்று இளைய பிளினியின் கடிதத்தின் பழைய பிரதிகளை வைத்துச் சொல்லிவந்தார்கள். 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்தது. அதில் இருக்கும் தேதி அக்டோபர் 17-க்கு ஒத்துவருகிறது. ஆகவே வெடித்தது அக்டோபர் கடைசியில் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். உங்கள் வழிகாட்டி இரண்டையும் சொன்னால் நல்ல ஆள் கிடைத்திருக்கிறார்.

9:15 – ஃபோரம்: உழக்கும் படியும்

ஊர்ப் பொதுவெளி இது. வடக்கே ஜூபிடர் கோயிலின் முறிந்த தூண்கள், அவற்றுக்குப் பின்னால் வெசூவியஸ். எல்லோரும் படம் எடுப்பது இங்கேதான், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேற்குப் பக்கச் சுவரோரம் போங்கள். அங்கே ஒரு மாடத்தில் கல்மேசை ஒன்று இருக்கும். முக்கால்வாசிக் கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

மேசையில் பெரிதும் சிறிதுமாகக் கிண்ணம் போன்ற குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. அரசாங்க அளவை இது. தானியத்தைக் குழியில் தலைதட்டி நிரப்பி, அடியோட்டையைத் திறந்தால் வாங்கியவரின் பைக்குள் கொட்டும். கடைக்காரன் அளவு குறைத்தான் என்று சண்டை வந்தால் இங்கே வந்து தீர்த்துக்கொள்ளலாம். உழக்கு, நாழி, படி, மரக்கால் என்று வரிசையாகக் கல்லில் குடைந்து வைத்தால் எப்படியிருக்கும், அதுதான். இன்னும் குனிந்து பார்த்தால் வேறொன்று தெரியும். குழிகளுக்குப் பக்கத்தில் முதலில் ஆஸ்கன் மொழியில் எழுத்து இருந்தது. ரோமானியர் வருவதற்கு முன் இந்த ஊர் பேசிய மொழி அது. கி.மு. 80-இல் பொம்பெயி ரோமானியக் குடியேற்றமானது. பின்னொரு காலத்தில் ரோமானிய அளவுக்கு ஏற்பக் குழிகளைப் பெரிதாகக் குடைந்து, பழைய எழுத்தையும் செதுக்கி அழித்துவிட்டார்கள். ஒரு ஊர் கைமாறியதைப் போர்ச் சிற்பத்தை விட இந்தக் கல் தெளிவாகச் சொல்கிறது. (இங்கே இருப்பது நகல்; மூலம் நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில்.)

பக்கத்திலேயே கம்பிக் கதவுக்குப் பின்னால் தானியக் கிடங்கு. ஆம்போராக் குடங்கள், கற்பாத்திரங்கள், அவற்றுக்கு நடுவில் மனித உருவ வார்ப்புகள். இவை கல்லாக மாறிய உடல்கள் அல்ல. சாம்பல் இறுகியபின் உள்ளே உடல் மக்கிப்போய் வெற்றிடம் மிஞ்சியது. 1863-இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றிப் பார்த்தார். எலும்பு உள்ளேயே இருக்க, துணி மடிப்பு வரை உருவம் வந்தது. வழிகாட்டிகள் இங்கே தாய், பிள்ளை, காதலர் என்று கதை கட்டுவார்கள். அப்படித் தாயும் பிள்ளையும் என்று வெகுகாலம் சொல்லிவந்த ஒரு ஜோடியின் மரபணுவை ஆராய்ந்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ‘தாய்’ ஓர் ஆண். பிள்ளைக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை. சாகும் நேரத்தில் வேற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த மனிதர் என்பது எனக்கு அந்தப் பழைய கதையை விடப் பெரிதாகப் படுகிறது.

9:50 – குளியல் கூடம்

ஃபோரத்துக்கு வடக்கே இரண்டு நிமிட நடை. கூரை பிழைத்த சில கட்டடங்களில் இது ஒன்று. வெந்நீர் அறையில் அண்ணாந்து பாருங்கள். வளைந்த கூரை முழுவதும் வரிவரியாகப் பள்ளம். நீராவி குளிர்ந்து குளிப்பவர் தலையில் சொட்டாமல் பள்ளத்தின் வழியே சுவருக்கு இறங்கட்டும் என்று செய்தது. அறையின் ஒரு கோடியில் பெரிய சலவைக்கல் தொட்டி. விளிம்பில் வெண்கல எழுத்துகள் பதித்திருக்கிறார்கள்: நகர அதிகாரிகள் இருவர் பெயர், செலவு 5,250 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்). கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயரை எழுதுவதை நாம் கேலி செய்வோம். இவர்கள் விலையையும் சேர்த்தே எழுதிவிட்டார்கள். அதுவும் பொதுப் பணத்தில் செய்ததற்கு.

எதிரே ஒரு வீட்டு வாசலில் சங்கிலி கட்டிய கறுப்பு நாயின் மொசைக். கீழே ‘கவே கானெம்’. நாய் ஜாக்கிரதை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

10:10 – இரண்டு மாளிகைகள், ஒன்றை மட்டும்

இங்கே நீங்கள் முடிவு எடுக்க வேண்டும். ஃபான் வீடு ஒரு தெருக்கட்டையே அடைத்திருக்கிறது. ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர். மாவீரன் அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியஸும் மோதும் புகழ்பெற்ற மொசைக் 1831-இல் கிடைத்தது இந்த வீட்டில்தான். தரையில் நகல் இருக்கிறது. கூட்டம் பரவி நிற்க இடமுண்டு, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வெத்தி சகோதரர்களின் வீடு நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2023 ஜனவரியில் மறுபடி திறந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வாணிபத்தில் பணம் சேர்த்தவர்கள் என்று கருதப்படும் இருவர். புதுப்பணத்தின் பெருமை சுவருக்குச் சுவர் தெரியும். கறுப்புப் பின்னணியில் குட்டி மன்மதர்கள் நறுமணத் தைலம் காய்ச்சுவதும் பொன் வேலை செய்வதும் திராட்சை ரசம் விற்பதுமாக ஒரு நீண்ட ஓவிய வரிசை இருக்கிறது. அதற்காக வரிசையில் கால் மணி நேரம் நிற்கலாம். அதற்கு மேல் நிற்க வேண்டாம். வாசலிலேயே ப்ரியாபஸ் கடவுள் தன் உறுப்பைத் தராசில் வைத்துப் பணப்பைக்கு எதிராக நிறுத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளோடும் மாமனாரோடும் போகிறவர்கள் முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்ளவும். ரோமானியருக்கு அது ஆபாசமல்ல, செழிப்புக் குறி, திருஷ்டி கழிப்பது. நாம் வாசலில் பூசணிக்காய் கட்டுவது போல என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

அதே குறி சில தெருக்கல்லிலும் சுவரிலும் செதுக்கியிருக்கும். விலைமாதர் விடுதிக்கு வழி காட்டும் அம்பு என்று பல வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம்ப வேண்டாம், அதுவும் திருஷ்டிக்குத்தான்.

10:40 – திரிகைகளும் ஒரு கரிந்த ரொட்டியும்

தெற்கே இறங்கும் கோணல் சந்தில் ஒரு ரொட்டிக் கடை. முற்றத்தில் நான்கு மாவு அரைக்கும் கற்கள், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, உடுக்கை வடிவம். கீழே கூம்பாக நிலைக்கல். அதன் மேல் இரண்டு பக்கமும் வாய் விரிந்த சுழல்கல். மேல்வாயில் கோதுமையைக் கொட்டினால் இடுக்கில் அரைபட்டு அடியில் மாவாக விழும். பாட்டி வீட்டுத் திரிகையை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியது போல இருக்கும், ஆனால் சுற்றியது கழுதை. சுழல்கல்லின் இடுப்பில் மரக்கட்டை செருகிய சதுர ஓட்டைகள் இருக்கின்றன. கையை விட்டுப் பார்க்கத் தோன்றும், தொடக்கூடாது.

கல் எரிமலைக் கல். பொரிபொரியாக இருக்கும். நம் ஊர் ஆட்டுக்கல் தேய்ந்து வழுவழுத்தால் ‘அம்மி கொத்தலையோ’ என்று கூவி வருகிறவரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கல் தேயத் தேயப் புதுப் பொத்தல் வெளிப்பட்டுத் தானே சொரசொரப்பாகிக்கொள்ளும். எந்த மலை ஊரை அழித்ததோ அந்த மலை வகைக் கல்லில்தான் ஊரே மாவரைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

பின்னால் அடுப்பு. இன்றைக்கு நேபிள்ஸில் பீட்சா சுடும் அடுப்புக்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நகரில் முப்பதுக்கு மேல் இப்படிக் கடைகள். மொதெஸ்துஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் கடையின் அடுப்பில் 81 ரொட்டிகள் கரியாகக் கிடைத்தன. எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாகக் கோடு கீறிய வட்ட ரொட்டி.

அருகில்தான் லுபனார் என்ற பழைய விலைமாதர் விடுதி. குறுகிய சந்து, கல்படுக்கைகள், சுவரில் படங்கள். எந்நேரமும் நெரிசல். இரண்டு நிமிடம் பார்க்க இருபது நிமிடம் நிற்பது எனக்கு உடன்பாடில்லை. அங்கே வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண்களில் பலர் அடிமைகள் என்பதையும் சிரித்துக்கொண்டே கடக்கும் கூட்டம் மறந்துவிடுகிறது.

11:10 – அபொந்தான்சா தெரு

இந்தப் பயணத்தின் உயிர் இந்தத் தெருதான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபோரத்தில் தொடங்கிக் கிழக்கு மதில்வரை நேராகப் போகிறது.

முதலில் கீழே பாருங்கள். தெருவின் குறுக்கே உயர்ந்த கற்கள், நடந்து கடக்க. மழைநீரும் தொட்டிகளில் வழிந்த நீரும் வீட்டுக் கழிவும் தெருவிலேயே ஓடின. கால் நனையாமல் அக்கரை போகவேண்டும். கற்களின் இடைவெளியில் வண்டிச் சக்கரம் நுழைந்து போகும். அங்கே ஆழமான தடம் விழுந்திருக்கிறது. இந்தத் தடங்களையும் ஓரக்கல்லின் தேய்வையும் அளந்து பார்த்து, இவ்வூரில் ஒருவழிப் பாதைகள் இருந்தன என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சில இடங்களில் குழி விழுந்த தெருவை உருக்கிய இரும்பை ஊற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, நீர்த்தொட்டி. முகம் செதுக்கிய கல்லின் வாயிலிருந்து நீர் விழும். தொட்டியின் விளிம்பில், அந்த முகத்துக்குப் பக்கவாட்டில், ஒரு பள்ளம் தெரியும். உள்ளங்கை அகலம், வழவழப்பு. ஒரு கையை ஊன்றிக் குனிந்து வாய் வைத்துக் குடித்தவர்களின் கை தேய்த்தது. எங்கள் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் தானே அப்படிக் குனிந்து காட்டினார். அவருடைய கை சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

கடைகளின் வாசற்படியைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு பள்ளம், ஒரு ஓரத்தில் மட்டும் கதவு சுழலும் குழி. பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தில் தள்ளி, கடைசியில் கதவைச் சாத்திப் பூட்டுவது. ஷட்டர் வருவதற்கு முன் நம் கடைத்தெருவில் எண் போட்ட பலகைகளைச் செருகிக் கடை சாத்தியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

சுவரில் சிவப்பு எழுத்துகள். தேர்தல் விளம்பரம்! ஆண்டுதோறும் நகர அதிகாரிகளுக்குத் தேர்தல். இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று பழ வியாபாரிகள், அக்கம்பக்கத்தார் பெயரில் எழுதியிருக்கும். வாத்தியா என்ற வேட்பாளரை ‘இரவு வெகுநேரம் குடிப்பவர்கள் அனைவரும்’ ஆதரிப்பதாக ஒரு சுவர், ‘தூங்குமூஞ்சிகள் அனைவரும்’ ஆதரிப்பதாக மற்றொன்று. எதிரணி வேலை என்று சொல்வோரும் உண்டு. எமிலியுஸ் கெலெர் என்ற சுவரெழுத்துக்காரன் ஒரு விளம்பரத்தின் அடியில் ‘நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

முகவரி கண்டுபிடிக்கும் முறையையும் இங்கே கற்றுக்கொள்ளுங்கள். தெருமுனைச் சுவரில் சிறு பலகைகள்: வட்டாரம், கட்டு, வாசல் என மூன்று எண்கள். இதுவும் ஃபியொரெல்லி ஏற்படுத்தியதே. முதல் வட்டாரம், எட்டாவது கட்டுக்கு வந்தால் நின்றுவிடுங்கள்.

எட்டாம் எண் வாசல் வெதூத்தியுஸ் ப்ளாசிதுஸின் சாப்பாட்டுக் கடை. சலவைக்கல் துண்டுகள் பதித்த முகப்பு மேடை, அதில் புதைத்த மண்சாடிகள். அவற்றில் குழம்பு கொதித்தது என்று சொல்வார்கள்; மண்சாடியைக் கழுவி எடுக்க முடியாதே, உலர்ந்த பண்டம்தான் இருந்திருக்கும் என்பது மறுப்பு. ஒரு சாடியில் ஏறக்குறைய 3 கிலோ காசு கிடைத்தது. ஓடும் முன் கல்லாவை அங்கே கொட்டினாரோ என்னவோ. பின்சுவரில் வணிகக் கடவுள் மெர்க்குரியும் மதுக் கடவுள் பாக்கஸும். நம் ஊரில் கல்லாப்பெட்டிக்கு மேல் லட்சுமி படம் மாட்டுகிற அதே கணக்கு.

லட்சுமி என்றதும் சொல்லவேண்டியது, அதே கட்டில் ஐந்தாம் எண் வாசலில் 1938-இல் ஒரு தந்தப் பெண்ணுருவம் கிடைத்தது. 24 சென்டிமீட்டர் உயரம், கழுத்திலும் இடுப்பிலும் கைகளிலும் நகை, இரு பக்கமும் சின்னத் தோழிகள். இந்தியாவில் செய்தது. ‘பொம்பெயி லட்சுமி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. யட்சி என்பதே பொருந்தும் என்று இப்போது கருதுகிறார்கள். தமிழ்நாட்டுச் சிலை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இதைப் போன்ற உருவம் கிடைத்திருப்பது மகாராஷ்டிரத்தின் போகர்தானில். அடியில் உள்ள எழுத்து கரோஷ்டி, வடமேற்கு இந்தியப் பகுதியின் பழைய எழுத்துமுறை.

நம் தொடர்பு மிளகில் இருக்கிறது. பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, திரும்பும் யவனர் கலங்களை முசிறித் துறையில் சங்கப் பாடல் காட்டுகிறது. அதே கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து புலம்பியவர் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி: ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது, காரத்தைத் தவிர மிளகில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஆற்றாமை. வெசூவியஸ் வெடித்த அன்று ‘மிசேனும்’ என்ற துறைமுகத்தில் இருந்த கடற்படைக்கு அவர்தான் தலைவர். மக்களை மீட்கக் கப்பலோடு வளைகுடாவைக் கடந்து வந்தவர், பொம்பெயிக்குத் தெற்கே ஸ்தாபியே கரையில் இறந்தார். ஐந்தாம் எண் வாசலில் பார்க்க இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

12:15 – முடிப்பது

தெம்பு இருந்தால் கிழக்கே இன்னும் பத்து நிமிடம் நடந்து ஆம்பிதியேட்டரைப் பார்க்கலாம். கி.மு. 70 அளவில் கல்லில் கட்டியது. இன்று நிற்பவற்றில் மிகப் பழையது. கி.பி. 59-இல் பக்கத்து ஊர் நுசேரியாக்காரர்களோடு இங்கே நடந்த அடிதடியில் பலர் செத்து, இத்தகைய ஆட்டங்களுக்குப் பத்தாண்டுத் தடை விழுந்தது. ஆனால் அங்கே போனால் ஸ்டேஷனுக்குத் திரும்ப நீண்ட நடை. கால் கெஞ்சினால் திரும்பி வந்து, நாடக அரங்குகள் வழியாக எசேத்ரா சதுக்கத்து வாயிலில் வெளியேறுங்கள். பெரிய அரங்கின் மேல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிச் சாம்பல் தூசியைக் கொட்டுவது இந்தச் சுற்றின் முறையான முடிவு.

சாப்பாட்டுக்கு வாசலில் எலுமிச்சை ஐஸ் விற்பார்கள், குடிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் நேபிள்ஸுக்குத் திரும்பி மரினாரா பீட்சா கேளுங்கள்: தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ, பாலாடைக்கட்டிகூட இருக்காது.

மாலையில் நேரமிருந்தால் நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். பொம்பெயியில் நகலாகப் பார்த்தவற்றின் மூலங்களும் அந்தத் தந்தப் பெண்ணும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை அது மூடியிருக்கும். ஆகவே செவ்வாய் அன்று பொம்பெயிக்குப் போகும் திட்டம் போடாதீர்கள்.

திரும்பும் ரயிலில் வண்டி போகும் திசைக்கு வலப்பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள். வழிநெடுக வெசூவியஸ் கூடவே வரும். கடைசியாக வெடித்தது 1944-இல். சரிவில் எவ்வளவு உயரம்வரை அடுக்குமாடி வீடுகளும் கொடியில் உலரும் துணிகளும் ஏறியிருக்கின்றன என்று அங்கிருந்து நன்றாகத் தெரியும்.